புதிதாக யூடிவி வாங்கியவருக்கு: பெல்ட், பூட், ஃபில்டர் மூன்றையும் காப்பாற்றும் வழி

யூடிவி என்றும் சைட்-பை-சைட் என்றும் சொல்லப்படும் வேலை வண்டியில் கார் மாதிரியே ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் இருக்கும். பக்கத்தில் ஒருவரோ இருவரோ உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றிக் கவிழ்க்கத் தொட்டி. கார் ஓட்டத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் இதை ஓட்டப் பழகிவிடுவார். பராமரிப்பில்தான் கார் பழக்கம் உதவாது. கார் தூசியில்லாத சாலையில் ஓடுகிறது. இது சேற்றிலும் புழுதியிலும் காய்ந்த புல்லிலும், முக்கால்வாசி நேரம் சைக்கிள் வேகத்தில், சுமையோடு ஓடுகிறது.

இந்த வண்டிகளில் பெரிய செலவுக்குக் காரணமாவது பெரும்பாலும் மூன்று மலிவான பொருள்கள்தான்: கிளட்சில் ஓடும் ரப்பர் பெல்ட், ஆக்சில் மூட்டைப் போர்த்தியிருக்கும் ரப்பர் பூட், ஏர் ஃபில்டர். பெல்ட்டைக் கருகவிட்டால் கிளட்ச் போகும். பூட் கிழிந்ததைக் கவனிக்காவிட்டால் ஆக்சில் போகும். ஃபில்டரைச் சரியாகப் பொருத்தாவிட்டால் இன்ஜினே போகும். புதிதாக வாங்குபவர் இந்த மூன்றிலும் கண் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வாங்கும்போது

கவாசாகி மியூல் 1988-இலும் போலாரிஸ் ரேஞ்சர் 1998-இலும் வந்தன. அதன் பிறகு இந்த வகை வண்டிகள் இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிட்டன. ஒன்று வேலைக்கு, இன்னொன்று வேகத்துக்கு. உங்களுக்கு வேலைதான் முக்கியம் என்றால் குதிரைத்திறன் பட்டியலை மூடிவைத்துவிட்டு, சக்தி சக்கரத்துக்கு எப்படிப் போகிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சிவிடி, அதாவது இரண்டு கிளட்சுக்கு நடுவே ஓடும் பெல்ட். குபோட்டாவின் ஆர்டிவி டீசல் வண்டிகளில் ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. ஹோண்டா பயனியர் 1000-இல் பெல்ட்டே கிடையாது, பல்சக்கர கியர்தான். நாள் முழுக்க மெதுவாக, பாரம் இழுத்துக்கொண்டு, அடிக்கடி முன்னும் பின்னும் போகிற வேலை என்றால் பெல்ட் இல்லாததை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. கலவையான வேலைக்குச் சிவிடி தாராளமாகப் போதும். அதன் குணம் தெரிந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்கினால் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். இன்ஜின் ஓடிய மணிகளைக் காட்டும் ஹவர் மீட்டரையும் பாருங்கள். கிலோமீட்டரை மணியால் வகுத்தால் அந்த வண்டி எப்படி வாழ்ந்தது என்று தெரியும். 4000 கி.மீ., 400 மணி என்றால் சராசரி மணிக்கு 10 கி.மீ.; நின்றபடி ஓடியதும் மெதுவாக வேலை செய்ததும் அதிகம். அதில் தவறில்லை, ஆனால் 4000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று சொல்லி விற்பவரின் கணக்கு அங்கே செல்லாது. நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, புகை என்ன நிறம் என்பதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளியே பளபளவென்று கழுவியிருப்பார்கள், அந்தப் பெட்டிக்குள் யாரும் கழுவுவதில்லை.

வண்டி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் அந்த மாடலுக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய வண்டிக்கு இது கட்டாயம். 2009-இல் அமெரிக்காவில் யமஹா ரைனோ 450, 660 மாடல்களுக்கு, கவிழும் அபாயத்தைக் குறைக்கப் பின் சக்கரங்களில் ஸ்பேசர் வைத்தும் பின்புற ஆன்டி-ஸ்வே பாரைக் கழற்றியும் இலவசமாகச் சரிசெய்து தரும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. கைமாறிக் கைமாறி வரும் வண்டிக்கு அதுபோன்ற வேலை நடந்ததா என்பது இன்றைய சொந்தக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

முதல் நாள், முதல் 25 மணி

வண்டி வந்ததும் ஓனர்ஸ் மேனுவலை எடுத்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: டயர் காற்றழுத்தம், சக்கர நட்டின் டார்க் (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு), மொத்தச் சுமை வரம்பு.

இந்த டயர்களுக்குக் காற்று மிகக் குறைவு, பெரும்பாலும் 10 முதல் 20 பிஎஸ்ஐ. கார் டயருக்கான கேஜ் இந்த அளவில் நம்பகமாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். சக்கர நட்டுகளை முதல் சில மணி ஓட்டத்துக்குப் பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதே விதிதான்.

சுமை வரம்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தொட்டியில் 450 கிலோ ஏற்றலாம் என்று ஸ்டிக்கர் சொல்லும். ஆனால் மொத்த வரம்பு என்று தனியாக ஒன்று உண்டு. ஓட்டுபவர், பக்கத்தில் இருப்பவர், நீங்கள் பிறகு மாட்டிய விஞ்ச், கூரை, கண்ணாடி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். மொத்தம் 680 கிலோ என்று வையுங்கள். இரண்டு பேர் 160 கிலோ, மாட்டிய சாமான்கள் 90 கிலோ. மிச்சம் 430-தான், தொட்டிக்குச் சொன்ன 450 இல்லை. டிரெய்லர் இழுத்தால் அதன் மூக்கு ஹிட்ச்சில் அழுத்தும் எடையையும் கழிக்க வேண்டும்.

புது வண்டியின் முதல் 25 மணி சொச்சம், இன்ஜினும் பெல்ட்டும் பிரேக் பேடும் பழகும் காலம். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், பெரிய பாரமும் வேண்டாம். அது முடிந்ததும் செய்யும் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது. புது இயந்திரத்தில் தேய்ந்து விழும் நுண்ணிய உலோகத் துகள் முழுவதும் அந்த முதல் எண்ணெயில்தான் இருக்கும். அப்போதே கியர்பாக்ஸ், முன் பின் டிஃபரன்ஷியல் எண்ணெய்களையும் மாற்றச் சொல்லும் மாடல்கள் உண்டு. மேனுவல் சொன்னால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பெல்ட் நீண்ட நாள் உழைக்க ஓட்டும் முறை

சிவிடி பெல்ட்டைக் கொல்வது சூடு. பெல்ட் வழுக்கினால் சூடு வரும். ஹை கியரில் (வேகமாகப் போவதற்கானது) போட்டு ஊர்ந்து போனாலும், பாரம் இழுத்தாலும், ஆக்சிலரேட்டரை அழுத்தியும் வண்டி நகராமல் சேற்றில் நின்றாலும் பெல்ட் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கருகிய ரப்பர் வாடை வரும். வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

அதனால் லோ கியரைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தொடர்ந்து 10, 15 கி.மீ. வேகத்துக்குக் கீழே போகும் வேலை, டிரெய்லர், மேடு, சேறு, வண்டியை இன்னொரு வண்டிமேல் ஏற்றுவது எல்லாமே லோ கியர் வேலைகள். லோ என்பது வண்டி திணறும்போது போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். திணற ஆரம்பிக்கும்போது பெல்ட் ஏற்கெனவே பாதி வெந்திருக்கும்.

கியர் மாற்றும்போது வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும், இன்ஜின் ஐடிலில் இருக்க வேண்டும். நகர்ந்துகொண்டே மாற்றினால் உள்ளே கியர் பற்கள் நொறுங்கும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது நான்கு சக்கர இயக்கத்தைப் போடுவதும் அப்படித்தான். முதலில் நில்லுங்கள், பிறகு பட்டனை அழுத்துங்கள்.

தண்ணீரில் இறங்கினால் கால் வைக்கும் தளத்துக்கு மேல் ஏறவிடாதீர்கள். கரை ஏறியதும் இழுவை விட்டுப் போனதுபோல் இன்ஜின் மட்டும் இரைந்தால் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அதன் அடியில் வடிகால் பிளக் இருந்தால் திறந்து வடியவிட்டு, நியூட்ரலில் வைத்துச் சில விநாடிகள் இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிடுங்கள். காற்று உள்ளே சுழன்று பெல்ட் உலரும். பிறகு பிரேக்கை நாலைந்து முறை மெதுவாக மிதித்து உலர்த்திக்கொண்டு கிளம்புங்கள்.

கவிழாமல் ஓட்டுவது

இந்த வண்டி குறுகலானது, தரையிலிருந்து உயர்ந்தது. சீட் பெல்ட் போட்டு, கதவோ வலையோ மூடி, ஹெல்மெட் அணிந்து ஓட்டுங்கள். வண்டி சாயும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றப் பார்ப்பதும் காலை வெளியே வைப்பதும் அனிச்சையாக வரும். ரோல் கேஜுக்கு, அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் கூண்டுக்கு, அடியில் கையும் காலும் நசுங்குவது அப்படித்தான். ஸ்டீயரிங்கையும் கைப்பிடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தொடக்கத்திலேயே பழகுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரின் முதுகு சீட்டில் சாய்ந்திருக்கும்போதே இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும், கை பிடிமானத்துக்கு எட்ட வேண்டும். எட்டாத குழந்தையை ஏற்றாதீர்கள். பின் தொட்டியில் மனிதர் யாருமே கூடாது.

சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், குறுக்கே போகாதீர்கள். தொட்டியில் மருந்து தெளிக்கும் டேங்க் வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. பாதி நிரம்பிய டேங்கில் அது திருப்பத்தில் ஒரு பக்கமாகப் பாயும், முழு டேங்கைவிட அது ஆபத்தானது. இறக்கத்தில் முன்கூட்டியே லோ போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே தொட்டபடி இருந்தால் பல மாடல்களில் கிளட்ச் பிடித்துக்கொண்டு இன்ஜின் பிரேக் கிடைக்கும். நியூட்ரலில் உருளவிட்டால் பிரேக் மட்டுமே மிஞ்சும்.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்

ஐந்து நிமிடம் போதும். டயர், எண்ணெய், கூலண்ட் பாட்டில், பிரேக் பெடலின் கெட்டித்தன்மை, விளக்கு. எண்ணெய் அளவைச் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை முழுதாகத் திருகி அளப்பதா, சும்மா செருகி அளப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தவறான முறையில் அளந்து எண்ணெயை அதிகமாக ஊற்றிவிடுபவர்கள் நிறைய.

பிறகு குனிந்து அடியில் பாருங்கள். தரையில் சொட்டு உண்டா, சைலன்சரைச் சுற்றிக் காய்ந்த புல் சேர்ந்திருக்கிறதா? புல் இருந்தால் கையோடு எடுத்துவிடுங்கள். சூடான சைலன்சரும் காய்ந்த புல்லும் சேர்ந்தால் வண்டியே எரியும். சிறிய தீயணைப்பான் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

இந்தச் சமயத்தில் நான்கு சக்கரங்களின் உட்பக்கமும் கண்ணை ஓட்டுங்கள். ஆக்சிலின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு கருப்பு ரப்பர் உறை தெரியும். அதுதான் பூட். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். விரிசல் ஒளிந்திருப்பது மடிப்பின் பள்ளத்தில். விரலால் மடிப்பை விரித்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பூட் கிழிந்திருந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் சுழற்சியில் வெளியே தெறித்து, ரிம்மின் உட்பக்கத்திலும் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஏ-ஆர்மிலும் கறுப்புக் கோடாக அப்பியிருக்கும். அந்தக் கோட்டைக் கண்ட அன்றே வண்டியை நிறுத்தினால் புது பூட்டும் கிரீஸும் மட்டும்தான் செலவு. இன்னும் சில நாள் ஓட்டினால் மணல் உள்ளே போய், திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வரும். சத்தம் வந்த பிறகு பூட் மாற்றிப் பயனில்லை, ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான்.

ஏர் ஃபில்டர்

புழுதியில் ஓடும் வண்டிக்கு மேனுவல் சொல்லும் இடைவெளி அதிகபட்சம் என்று கொள்ளுங்கள். பாதி இடைவெளியிலேயே திறந்து பார்ப்பது நல்லது. காகித ஃபில்டரைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, அதற்குப் பிறகு ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். லேசாகத் தட்டலாம், அழுக்கு ஏறியிருந்தால் மாற்றலாம். ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஃபில்டர் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும்.

ஃபில்டரை எடுத்ததும், இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் நல்லது. மாவு போன்ற மெல்லிய தூசி ஒட்டி வந்தால் ஃபில்டரைச் சுற்றிக் காற்று கசிகிறது என்று அர்த்தம். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டரின் விளிம்பு மடங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்தத் தூசிதான் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரைத்துத் தேய்க்கும்.

பெல்ட்டை நீங்களே மாற்றுவது

காட்டு நடுவில் பெல்ட் அறுந்தால் உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அதனால் வீட்டில் நிதானமாக ஒரு முறை மாற்றிப் பழகுங்கள். மாற்றுப் பெல்ட்டும் அதற்கான கருவிகளும் வண்டியிலேயே இருக்க வேண்டும். பெல்ட்டை மடக்கிக் கயிறு போட்டு இறுக்கக் கட்டி வைக்காதீர்கள், மடிந்த இடத்தில் நார் உடையும்.

1. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எல்லாம் ஆறும்வரை காத்திருங்கள். வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நியூட்ரலில் போடுங்கள்.
2. பெல்ட் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் ஒரு பின் சக்கரத்தை எடுத்தால்தான் கை போகும். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது, எது எங்கிருந்து வந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. பழைய பெல்ட்டில் எழுத்து எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள். பெல்ட்டுக்கு ஓடும் திசை உண்டு.
4. பின் கிளட்சின் தட்டுகளைக் கருவியால் விரித்து, பெல்ட்டை உருட்டி வெளியே எடுங்கள்.
5. அறுந்த பெல்ட் என்றால் துண்டும் நாரும் கிளட்ச் தண்டிலும் காற்றுக் குழாயிலும் சுற்றியிருக்கும். அதை ஒன்றுவிடாமல் எடுங்கள். ஒரு நார் மிஞ்சினாலும் அடுத்த பெல்ட்டையும் அது தின்றுவிடும்.
6. தட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தத் துணியால் துடையுங்கள். எண்ணெய் விரல் படக் கூடாது.
7. புதுப் பெல்ட்டை அதே திசையில் போட்டு, பின் கிளட்சைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். பெல்ட் மேலே ஏறி உட்காரும். பிறகு மூடியின் ரப்பர் சீல் சரியாக அமர்கிறதா என்று பார்த்து முடுக்குங்கள்.

கழற்றிய பெல்ட்டை எறிவதற்கு முன் ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடை மெலிந்து பள்ளமாக இருந்தால், வண்டி எங்கோ நகராமல் நின்றபோது கிளட்ச் அந்த இடத்தையே சுட்டிருக்கிறது. பக்கவாட்டு முழுவதும் கண்ணாடி போல் மினுங்கினால் தொடர்ந்து வழுக்கியிருக்கிறது, ஹை கியரில் ஊர்ந்திருக்கிறீர்கள். பற்கள் மட்டும் காணாமல் போயிருந்தால் வயதாகியிருக்கலாம், திடீர் இழுவையாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். புதுப் பெல்ட்டுக்கும் பழகும் காலம் உண்டு. முதல் 50 கி.மீ. அளவுக்கு மிதமாக, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

எண்ணெயும் மற்றவையும்

பொதுவாக 100 மணிக்கு ஒரு முறை, அல்லது வருடத்துக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது இன்ஜின் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கடும் புழுதியிலும் சேற்றிலும் ஓடினால் அதற்கு முன்பே. கார் எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எண்ணெயில் நனைந்து வேலை செய்யும் கிளட்ச் உள்ள வண்டிகளில் அது கிளட்சை வழுக்க வைக்கும், மேனுவல் சொல்லும் தரத்தையே வாங்குங்கள்.

டிஃபரன்ஷியல் எண்ணெயை வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக் குழாய் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். புது எண்ணெய் ஊற்றுமுன் அந்த மெல்லிய குழாயை ஊதிப் பார்த்துவிடுங்கள்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிரீஸ் நிப்பிள் எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, கழுவிய பிறகு கிரீஸ் அடியுங்கள், உள்ளே நின்ற நீரும் சேர்ந்து வெளியேறும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ தேய்ந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஹவர் மீட்டர் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள்.

கழுவும்போது பிரஷர் வாஷரை பேரிங், சீல், மின் இணைப்பு, பெல்ட்டுக்குக் காற்று போகும் வாய் ஆகியவற்றின்மேல் நேராகப் பிடிக்காதீர்கள். ரேடியேட்டருக்கு அதுவே கூடாது, மெல்லிய தகடுகள் படுத்துவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட்டால் வந்த வழியே சேறு போய்விடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

சில மாதம் நிறுத்தி வைப்பதென்றால்

எண்ணெயை மாற்றிவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் கலந்து, அது இன்ஜின்வரை போய்ச் சேரச் சில நிமிடம் ஓடவிடுங்கள். பேட்டரியைப் பராமரிக்கும் சிறிய சார்ஜரில் போட்டுவிடலாம். முழு சார்ஜில் 12.6 வோல்ட்டோ கொஞ்சம் மேலோ காட்ட வேண்டும். எலிதான் பெரிய எதிரி. காற்று போகும் குழாய்க்குள் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். குழாய் வாயையும் சைலன்சர் வாயையும் கம்பி வலையால் மூடி, மூடியிருப்பது மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். மறுபடி எடுக்கும் நாளில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பெல்ட் பெட்டியையும் திறந்து பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

பூட், பெல்ட், ஃபில்டர், எண்ணெய், பிரேக் பேட் எல்லாம் சாதாரணக் கருவிகளோடு நீங்களே செய்யக்கூடியவை. கிளட்சைப் பிரித்து ஸ்பிரிங், ரோலர் மாற்றுவது, கியர்பாக்ஸைத் திறப்பது, வால்வு இடைவெளி சரிசெய்வது ஆகியவற்றை அதற்கான கருவி உள்ளவரிடம் விடுங்கள். ரோல் கேஜ் மட்டும் இரண்டிலும் சேராது. அதில் துளை போடுவதோ, வளைந்ததை நிமிர்த்துவதோ, வெல்டிங் வைப்பதோ கூடாது, எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தாலும் சரி. ஒரு முறை வளைந்த கேஜைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும்வரை அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.